அரை அங்குல போல்ட்

அன்று ஸ்டோரில் ரோலர் பக்கத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதை நடத்துகிற டீமேக்கர் ஐயா, ரோலரைத் திருத்துகிற பிட்டர் அண்ணன், தோட்டக் கம்பெனியிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து இஞ்சினியர், என் அக்காவைக் கட்டியவரும் நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளியுமான அத்தான், அப்புறம் நான். மற்ற ஆட்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு அக்கா என்னிடம், "அங்க என்னா நடந்துச்சுன்னு யாரு கண்டா" என்றாள். ஐந்து பேர் கண்டோம்.

ரோலர் நின்று போயிருந்தது. கொழுந்தை உருட்டும் பெரிய வட்டப் பெட்டியைச் சுழற்றுகிற கிராங்க், ஒரு வார்ப்பிரும்புக் காலின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலின் பேரிங் மூடி தூக்கிக்கொண்டு, காலே வாய் பிளந்து கிடந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் எங்கள் பட்டறையிலிருந்து போனவை. போட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் ஓ எல் பரீட்சை எழுதவில்லை. அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஹட்டனில் அத்தானின் லேத் பட்டறையில் பில் எழுதத்தான் போனேன். பழைய மெஷின் படங்களைப் பென்சிலால் பார்த்துப் போடப் பழகி, பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டேன். உடைந்த பாகத்தை அளந்து, அதைக் கடைசல்காரர் செய்யும்படி தாளில் வரைந்து கொடுப்பது என் வேலை. தாளின் கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவேன். அதைப் போட்டால் படத்தில் உள்ள பிழைக்கு நான்தான் பொறுப்பு.

எனக்கு எதற்கும் பயம். பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். ஒரு அளவை மூன்று தடவை எடுப்பேன். மூன்றும் ஒன்றாக இருந்தால், மூன்று தடவையும் ஒரே பிழையை விட்டேனோ என்று நாலாம் தடவை எடுப்பேன்.

போல்ட் படம் என்றால் இந்தப் பயம் இன்னும் அதிகம். போல்ட்டில் சுற்றிச் சுற்றி வரும் வெட்டை, நாங்கள் புரி என்பதை, படத்தில் யாரும் ஒவ்வொன்றாக வரைவதில்லை. உள்ளே இரண்டு மெல்லிய கோடுகள் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுவோம். இன்ன அளவு, இன்ன புரி. அவ்வளவுதான். தோட்டத்து மெஷின்களில் பாதி வெள்ளைக்காரன் காலத்தவை, அங்குலக் கணக்கு. கடையில் இப்போது கிடைப்பது மில்லிமீட்டர் போல்ட்; பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் எம் பன்னிரண்டு. அரை அங்குல போல்ட்டும் எம் பன்னிரண்டு போல்ட்டும் தாளில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். அந்த ஒரு வரிதான் வித்தியாசம். அரை அங்குல ஓட்டையில் எம் பன்னிரண்டைத் திருகினால் உள்ளே போகும், ஆனால் ஆடும். அதற்கும் இங்கே ஒரு கைவைத்தியம் உண்டு. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி புரியில் சாக்கு நூலைச் சுற்றி, பெயிண்ட் பூசி இறுக்கிவிடுவார்கள். குழாய்க்குச் சரி. உதறுகிற மெஷினுக்கு அது ஆகாது.

இந்த ரோலருக்காக நோர்வூட் பக்கத்திலுள்ள அந்த ஸ்டோருக்கு அளவெடுக்கப் போனபோது, ஓட்டைக்குள் புரி அளக்கும் கேஜை விட்டு அளந்தேன். அரை அங்குலம், அங்குலத்துக்குப் பன்னிரண்டு புரி. கடையில் கிடைக்காது, லேத்தில் கடைந்தே போட வேண்டும். அங்கேயே பென்சிலால் அப்படியே வரைந்தேன். பக்கத்தில் வழக்கம்போல் குறிப்புகளும் எழுதினேன். மில்லிமீட்டர் போல்ட் போட வேண்டாம். கையால் திருகும்போது ஆடினால் நிறுத்தவும். நூல் சுற்ற வேண்டாம். என் படங்களைப் பார்த்துப் பழகிய பிட்டர் அண்ணன் அன்றைக்கே கேலி செய்தார்.

"ஏன் தங்கச்சி, போல்ட்டுக்குப் பூச போட்டுத்தான் பூட்டணும்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே!"

"அதையும் எழுதிறவா அண்ணே?"

"எழுதுங்க எழுதுங்க. பூசாரிக்கும் சேர்த்து பில்லு போடுவாரு உங்க அத்தான்."

பட்டறையில் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு முடித்த நாள் நல்ல மழை. அத்தான் வந்து திரையைப் பார்த்தார். "படத்துல இம்புட்டு எழுதினா கம்பெனிக்காரன் பயந்துருவான் புள்ள. குறிப்ப மட்டும் எடுத்துட்டு நானே பிரிண்ட் எடுத்துக்கிறேன். நீ நேரத்தோட கெளம்பு, பஸ் இருக்காது" என்றார். குடையையும் எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், அவரைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பயந்ததில்லை. அன்று ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன்.

ரோலர் நின்ற நாளில், இஞ்சினியர் கழன்று கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்தார்.

"இது என்ன, சாக்கு நூலோ?"

"ஒதறலுக்குங்க ஐயா" என்றார் அத்தான்.

இஞ்சினியர் பிட்டர் அண்ணனிடம் திரும்பினார். "பூட்டேக்க ஆடேல்லையோ?"

பிட்டர் அண்ணன் தரையைப் பார்த்தார். "குடுத்தத பூட்டினேங்க ஐயா."

பிறகு அத்தான் கொண்டுவந்திருந்த தாளை விரித்தார்கள். என் படம்தான். என் கோடுகள், என் அளவுகள். குறிப்பு ஒன்றும் இல்லை. போல்ட் பக்கத்தில் இருந்த வரியில் எம் பன்னிரண்டு என்று இருந்தது. கீழ் மூலையில் என் எழுத்துகள் அப்படியே இருந்தன.

"இது ஆர் கீறினது?" என்று இஞ்சினியர் கேட்டார்.

"நாந்தாங்க. ஆனா நான் போட்டது அரை அங்குலம். இந்த வரி என்னோடது இல்லைங்க" என்றேன்.

"பிள்ளை, கீறினவர் எண்ட இடத்தில உம்மட எழுத்துத்தானே கிடக்கு?"

அப்போதாவது அத்தான் வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

"ஐயா, அது படிப்ப பாதியில விட்ட புள்ளைங்க. பாவம், மச்சினிச்சியாச்சேன்னு வச்சிருக்கேன். எதுக்கெடுத்தாலும் பதறும். பதட்டத்துல மாத்திப் போட்டுருச்சு. நானும் நம்பிக் குடுத்துட்டேன்."

டீமேக்கர் ஐயா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை. பிட்டர் அண்ணனுக்கு என் பழைய படம் தெரியும், குறிப்புகள் தெரியும். அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். இனி இந்தப் பிள்ளையின் எழுத்துப் போட்ட படம் எந்த ஸ்டோருக்கும் வேண்டாம் என்று இஞ்சினியர் சொன்னார். கம்பெனி வேலையிலிருந்து பட்டறையை விலக்குவதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது வேனில் நான்தான் பேச்செடுத்தேன்.

"ஏன் அத்தான் மாத்துனீங்க?"

"கடையிறதுக்கு ரெண்டு நாளு மெனக்கெடணும். கம்பெனிக்காரன் ரேட்டக் கொறைக்கச் சொன்னான். நூலு சுத்துனா நிக்கும்னு நெனச்சேன்."

"என் எழுத்து அதுல இருக்கே."

"இருந்தா என்னா? உன் பேரு போனா யாருக்குத் தெரியும்? என் பேருதான் புள்ள போர்டுல தொங்குது. பட்டற போச்சுன்னா உங்கக்காதான் தெருவுல நிப்பா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்கிற மாதிரிதான் சொன்னார். வேனை விட்டு இறங்கினேன், மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரில் என் படம் இருக்குமே என்று முதலில் ஒரு தைரியம் இருந்தது. அதன் மேலேயே மாற்றிச் சேமித்திருப்பார் என்று பிறகுதான் உறைத்தது.

அந்த வாரமே அக்கா நான் இருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தாள். பைக்குள் அதே தாள். கம்பெனிக்குப் பிரிண்ட் எழுத்து போதாதாம். எம் பன்னிரண்டு என்று போட்டது நான்தான் என்று பேனாவால் கையெழுத்து வேண்டுமாம். அதைக் கொடுத்தால் பட்டறையை விலக்க மாட்டார்களாம்.

"ஒரு கையெழுத்துதானடி. உன் படக்கூலிய எல்லாம் அவரு எடுத்து வச்சிருக்காரு. போட்டுட்டு வாங்கிக்க."

"அது நான் போட்ட வரி இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் என் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். தெரியும். அத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு ஸ்டோரில் நடந்ததைவிடப் பெரிய அடி.

"அங்க என்னா நடந்துச்சுன்னு யாரு கண்டா" என்றாள் கடைசியில்.

பேனாவை எடுக்கவில்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ பயந்தாங்கொள்ளின்னு தெரியும். இம்புட்டு ராங்கிக்காரின்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு லயத்துப் படியில் இறங்கிப் போனாள்.

பட்டறை இன்னும் நடக்கிறது என்று கேள்வி. நான் இப்போது டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் போட்டோகாப்பி எடுக்கிறேன். யாராவது மெஷின் படம் கொண்டுவந்தால் கீழ் மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். அத்தான் ஆள் மூலம் இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கையெழுத்து வந்தால் காசு வருமாம். நான் போடவில்லை. அவர் எனக்குத் தர வேண்டியது நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.