கஸ்தூரிக்கு முழுசாக வைத்த குடைமிளகாய்

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கஸ்தூரியின் முகம் எதிரே நின்றது. ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். மாலையைக்கூடக் கம்ப்யூட்டரிலேயே போட்டிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் செத்தவர் முகத்தை வைக்கிற தினுசு தெரியும். டீக்கடைக்காரரிடம், "இன்னா எழுதிக் கீது?" என்று கேட்டேன்.

"பாசத்தின் சிகரம் சாய்ந்ததுன்னு போட்டுக் கீது பெருசு. நேத்தே எடுத்துட்டாங்களே, உனுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. கீழே நெருக்கி எழுதியிருந்ததெல்லாம் என்ன என்று கேட்டேன். துக்கத்தில் வாடுகிறவர்களின் பெயராம். செத்தவள் பெயர் ஒரு வரி, வாடுகிறவர்கள் பெயர் பாதி பேனர். டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தேன்.

ஒரகடத்தில் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் தங்குகிற விடுதியில் அவள் சமையல், நான் கேட் வாட்ச்மேன். இதைப் படிக்கிற நீங்கள் அங்கே எங்களோடு வேலை பார்த்தவர்கள்; உங்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். மெருகு போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் குடைமிளகாய்ச் சமாசாரம் விடுதியில்தான் தொடங்கியது. லீவு நாளில் தானே சமைத்துக்கொள்கிற ஓர் இன்ஜினீயர், மிளகாயின் தலையைச் சீவி, விதையை வழித்து, உள்ளே சோறும் கொத்துக்கறியும் அடைத்து, மேலே சீஸ் தூவி ஓவனில் வைத்தார். கஸ்தூரிக்கும் ஒன்று கொடுத்தார். அதோடு அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. விடுதியில் கழித்துப்போட்ட பழைய ஓவனை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். முதல் தடவை செய்தபோது என்னைக் கூப்பிட்டாள். அரிசி உள்ளேயே வெந்துவிடும் என்று நினைத்து, ஊறவைத்த பச்சரிசியை அப்படியே அடைத்திருந்தாள். மிளகாய் கருகிப் படுத்துவிட்டது. அரிசி ஜல்லி மாதிரி நின்றது.

"இன்னாம்மா இது, ரோடு போடுறியா? பல்லு ஆடுது" என்றேன்.

"பல்லு போனா போவட்டும்ண்ணா. உனுக்குக் கொற சொல்ல நாக்கு இருந்தா போதும்" என்றாள்.

பிற்பாடு நன்றாகவே செய்தாள் என்று, தின்னத் தெரிந்த வெளிநாட்டுக்காரர்கள் சொன்னார்கள். எனக்குக் கடைசிவரை குமட்டல்தான். மிளகாய் என்கிறார்கள், காரம் இல்லை. காய் என்கிறார்கள், கடித்தால் தண்ணீர். தோல் தனியே கழன்று மேலண்ணத்தில் ஒட்டும். கறியின் மேலே சீஸ் சளி மாதிரி இழுக்கும். அவள் வீட்டிலும் அதே கதைதான். புருஷன் இருந்த நாளில் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவான். மகன் தினேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஷிப்ட் முடிச்சிட்டு வந்தா வூட்ல உக்கார முடியல, குப்ப வண்டி மாதிரி கீது" என்று கத்துவான்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "யாருக்கும் புடிக்காத ஒண்ண எதுக்கும்மா இப்டி மாரடிச்சிகினு செய்ற?"

ஓவன் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்குத்தாண்ணா செய்றேன். மீன் கொழம்பு வெச்சா முள்ளு எனுக்கு. பிரியாணி செஞ்சா அடிப்புடிச்சது எனுக்கு. இது ஒண்ணுக்குத்தான் எவனும் பங்குக்கு வர மாட்டான். சூடா, முழுசா, நானே துன்றேன்."

கஸ்தூரி உட்கார்ந்து சாப்பிட்டு உங்களில் யாராவது பார்த்ததுண்டா? அந்த மிளகாய்க்கு மட்டும் நாற்காலி போட்டு உட்காருவாள்.

அவள் மாமியாருக்குக் காரியம் முடிந்த மறுநாள் விடுதி வாசலில் நின்று சொன்னாள்: "எனுக்குப் படைக்கறப்ப வட, பாயசம்னு வெச்சி ஏமாத்திடுவானுங்கண்ணா. நீ என் மொளகாவ வெச்சிடு. துண்டு போடாத, முழுசா வை."

"நான்தாம்மா முன்னாடி போவேன்."

"அது உன் இஷ்டம். இருந்தா வை."

வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காரியத்துக்கு முந்தின நாள்தான் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்கிற நாள். காலையிலேயே போய் அவள் அண்ணன் ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யோவ், கறி வைக்கலாம், காய் வைக்கலாம். இது இன்னாய்யா ரெண்டுங்கெட்டான்? சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க. சிரிப்பாங்க" என்றார்.

இதே ஏழுமலை, தன் தம்பி செத்தபோது இலையில் குவார்ட்டர் பாட்டிலும் பீடிக்கட்டும் வைத்தவர். அன்றைக்கு எந்தச் சம்பந்தியும் சிரிக்கவில்லை. ஆம்பிளைக்குச் சாராயம் பிடித்தால் ஆசையாம். பொம்பிளைக்கு ஒரு காய் பிடித்தால் அசிங்கமாம்.

"ஓவனையாவது குடுங்க, நானே செஞ்சி எடுத்தாறேன்" என்றேன்.

"அத காயலான்காரனுக்குப் போட்டுட்டோம் மாமா. எடத்த அடைச்சிகினு இருந்துது" என்றான் தினேஷ், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சாம்பல் ஆறுவதற்குள் ஓவன் போய்விட்டது.

ஒரு குடைமிளகாய் வாங்கிக்கொண்டு பென்னலூரில் என் வீட்டுக்குத் திரும்பினேன். விதையை வழித்தால் கையெல்லாம் பிசுபிசுப்பு. அவள் பிற்பாடு செய்ததைப் பார்த்த மாதிரியே அரிசியை அரை வேக்காட்டில் வடித்தேன். கொத்துக்கறியை வெங்காயம், சோம்பு போட்டு நீர் வற்ற வதக்கினேன். அடைத்து, தோலில் எண்ணெய் தடவி, மேலே சீஸ் தூவினேன். ஒற்றையாய் நின்றால் சாயும் என்று இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கை முட்டுக் கொடுத்தேன். ஓவனுக்குப் பதிலாக இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டி அடுப்பில் காயவைத்து, தட்டை உள்ளே இறக்கி மூடினேன். மருமகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "வெந்துடுச்சான்னு எப்டி மாமா தெரியும்?" என்றாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. "இப்ப வெந்துடுச்சி" என்றேன்.

படையல் நேரத்துக்கு எடுத்துப் போனேன். பந்தல் நிறைய ஆள் இருந்ததால் ஏழுமலைக்குத் தடுக்கத் தைரியம் வரவில்லை. படத்துக்கு முன்னால் போட்ட இலையின் நடுவில் வைத்தேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் தினேஷ் முதலில் செய்த வேலை, போனை நீட்டி மிளகாயைப் படம் எடுத்ததுதான். உடனே ஸ்டேட்டஸ் போட்டான். பக்கத்திலிருந்த பெண் எனக்குப் படித்துச் சொன்னாள்: எங்கள் குடும்பமே ஆசையாகச் சாப்பிடும் அம்மாவின் ஸ்டஃப்டு கேப்சிகமாம். மிஸ் யூ அம்மாவாம்.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "ஐய, பாக்கவே நல்லா கீதே" என்றார். அவ்வளவுதான், தினேஷ் கத்தியோடு வந்தான். "ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கங்க. அம்மா நெனப்பு."

"கத்தியக் கீழ வைடா" என்றேன்.

"இன்னா மாமா, படையல்னா எல்லாரும் துன்றதுதானே?"

"மத்ததெல்லாம் துன்னு. வடைய துன்னு, கொழம்ப துன்னு. அவ இருந்தப்ப துன்ன மாதிரியே எல்லாத்தையும் துன்னு. இதுல உனுக்குப் பங்கு இல்ல."

"கெழவனுக்குப் புத்தி பெசகிடுச்சி" என்று ஏழுமலை முனகியது கேட்டது. நான் இலையை அந்த மட்டும் கிழித்து, மிளகாயை ஏந்திக்கொண்டு படியேறினேன். மொட்டை மாடிச் சுவரில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தேன். காக்கை தின்றதோ பூனை தின்றதோ எனக்குத் தெரியாது. இவர்கள் தின்னவில்லை.

அவள் படம் என்னிடம் இல்லை. ஃப்ளெக்ஸ் வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கஸ்தூரி எனக்கு விட்டுப் போனது ஒரு கைவேலை. என் நாக்குக்கு ஆகவே ஆகாத ஒரு பண்டத்தைக் கொஞ்சமும் பிசகாமல் செய்ய எனக்குத் தெரிகிறது. வருஷத் திதிக்கு அவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள். உயிர் இருந்தால் என் வீட்டில் செய்வேன். ஒரே ஓர் இலைதான் போடுவேன்.