சாய்ஸில் விட்ட ஒரு வாரம்

ஆப்ஷனல் என்றால், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். மலைப்பள்ளியில் நான் ஆங்கிலப் பாடம் நடத்தும்போது இப்படிச் சொன்னால் போதும், பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள்: “சாய்ஸ்ல வுட்டுடலாம் மிஸ்!”

கல்வராயன் மலைமேல்தான் எங்கள் வீடு. எனக்கு நிறைமாதம். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா, “ஒரு வாரம் முன்னாடியே கீழ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில வந்து தங்கிக்கலாம். ஆப்ஷனல்தான், உங்க இஷ்டம்” என்றார். என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், மலை மாதிரி வயிற்றோடு.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். காப்பி கொடுத்தால்கூட முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுப்பவர் வற்புறுத்த வேண்டும்.

“வேணாங்க சிஸ்டர், உங்களுக்கு இன்னாத்துக்குச் சிரமம்” என்றார் இவர். நர்ஸம்மா வற்புறுத்தவில்லை. சரி என்று கிளம்பிவிட்டார். இவரோ, நர்ஸம்மா இன்னொரு தடவை கேட்பார் என்று தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். பாழாய்ப்போன மரியாதை!

நான்கு நாள்கூட ஆகவில்லை. காலையில் நல்ல மழை. இடுப்புவலி பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது ஏறி வரும்வரை பொறுக்காமல் வாடகை ஜீப்பில் மலையிறங்கினோம். பாதி வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு மரம் விழுந்து கிடந்தது.

டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். “ஆம்புலன்ஸு மரத்துக்கு அந்தாண்ட நிக்கிதுங்க. மரம் வெட்ட ஆளு வந்துகினு இருக்காங்களாம். காத்துகினு இருக்கறதா, சரிவுல எறங்கிச் சுத்திப் போறதா, நீங்கதான் சொல்லணும்.”

சரிவைப் பார்த்தேன். ஒரே சேறு. வயிறு கல்லாக இறுகியது. கல்யாணமானதிலிருந்து எதையும் என்னைக் கேட்காத மனுஷன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. “நீயே சொல்லு. இன்னா பண்ணலாம்?”

அடப்பாவி, இதற்கா என்னைக் கேட்கிறாய் என்று கத்தத் தோன்றியது. உட்கார்ந்திருந்தாலும் பயம், நடந்தாலும் பயம். யாராவது இப்படிச் செய் என்று அதட்டமாட்டார்களா என்றிருந்தது.

“நடக்கறேன்” என்றேன்.

இவரும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நடுச்சரிவில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எப்படி எழுந்தேன், எப்படி ஆம்புலன்ஸில் ஏறினேன், எதுவும் நினைவில்லை. வண்டி மலையிறங்குவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

அழவில்லை. ஆம்புலன்ஸில் உதவிக்கு வந்திருந்த பெண் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நடந்திருக்கக்கூடாதோ, நானே கொன்றுவிட்டேனோ என்று பல் கிட்டிக்கொண்டது எனக்கு. அப்புறம்தான் வீறிட்டாள்.

இவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

“தப்பாப் போயிருந்தா எல்லாரும் என்னைத்தானே சொல்லியிருப்பீங்க?” என்று இவரிடம் கேட்டேன்.