வஹீபாவின் முதல் போணி

வஹீபா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. கினா நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில், கரும்பும் கால்வாயுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் அவளைப் போல் ரொட்டி சுட ஆள் இல்லை. இன்னொருத்தியை வாய்விட்டுப் புகழ்வது எனக்குப் பழக்கமே கிடையாது, ஆனால் இது உண்மை. மாவை வெயிலில் புளிக்க வைத்து அவள் எடுக்கும் பக்குவம் என் கைக்கு இன்றுவரை வரவில்லை.

அவள் கணவன் பத்ரி செங்கல் சூளையில் சுவர் சரிந்து இறந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். விதவை வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் முடியாததுமாக பத்ரியின் அண்ணன் ஹஸ்ஸான் வந்து, "தனியா இருக்க வேணாம், பிள்ளைங்களைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடு" என்றான். கேட்பதற்கு நல்ல வார்த்தைதான். அவன் வீட்டில் எருமைகளும் உண்டு, எழுந்து நடமாட முடியாத மனைவியும் உண்டு. போனால் வஹீபா ஆயுசுக்கும் அங்கே சாணி அள்ள வேண்டியதுதான். பெண்களின் பள்ளிக்கூடமும் அத்தோடு சரி. போகமாட்டேன் என்றாள்.

"அப்ப எதை வச்சுப் பொழைக்கப் போறே?" என்று கேட்டான்.

பதிலைக் கொண்டு வந்தது, ஏழைப் பெண்களுக்குத் தொழில் வைத்துக் கொடுக்கும் நகரத்துச் சங்கம். ரீஹாம் என்ற பெண் வந்து ஊரெல்லாம் விசாரித்தாள், வஹீபாவின் ரொட்டியைத் தின்று பார்த்தாள், சில வாரத்தில் பளபளவென்று ஒரு கேஸ் அடுப்பு வண்டியில் வந்து இறங்கியது. மாவும் சிலிண்டரும் முதல் தடவை சங்கத்துச் செலவு, அதற்கப்புறம் ரொட்டி விற்று அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். எங்களைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் ஊரில் அட்டையைக் காட்டி அரசாங்க ரொட்டி வாங்குவது வேறு. அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. அங்கே காசை நீட்டினால், 'நீ எனக்கு யாரோ' என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். காசு கேட்டாலும் அதே அர்த்தம். ஆகவே நாங்கள் போனோம், வாயார வாழ்த்தி துஆ செய்தோம், சுடச்சுட ரொட்டியை எடுத்து வந்தோம். தட்டை வெறுமனே திருப்பி அனுப்ப நாங்கள் என்ன பண்பு தெரியாதவர்களா? கரும்புப் பாகும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்து அனுப்பினோம். அவள் வீட்டு மூலையில் வெங்காயம் குவிந்தது. சிலிண்டர் காலியாகிக்கொண்டே வந்தது.

ரீஹாம் வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"உம்மு ஸாபிர், நீங்களாவது காசு கொடுக்கக் கூடாதா?"

"நல்லா இருக்கே! அவளோட ரெண்டு பிரசவத்துக்கும் பக்கத்துல இருந்தவ நான். காசை நீட்டி அவளை அவமானப்படுத்தச் சொல்றியா?"

"சும்மா வாங்கித் திங்கிறது மட்டும் மரியாதையாக்கும்?"

"யாரு சும்மா தின்னா? கூடை நிறைய வெங்காயம் அனுப்பியிருக்கேன்!"

"வெங்காயத்தைப் போட்டா அடுப்பு எரியுமா?"

சின்னப் பெண்ணானாலும் வாய் நீளம். போகிறபோது வஹீபாவிடம், "விலையைச் சொல்லிக் கேளுங்க அக்கா. இந்த மாசமும் ஓடலைன்னா சங்கத்துல அடுப்பை வேற ஒருத்திக்குக் கொடுக்கச் சொல்லிட்டாங்க, என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, 'ரொட்டி விற்பனைக்கு' என்று ஒரு பலகையையும் கதவில் மாட்டிவிட்டுப் போனாள். நாங்கள் பலகையைக் கண்டும் காணாததுபோல் உள்ளே போனோம். வஹீபா ஒவ்வொருத்தியாகப் பார்த்து வாயைத் திறப்பாள். பிறகு, "இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க" என்பாள்.

பலகை விஷயம் ஹஸ்ஸான் காதுக்குப் போயிற்று. வியாழக்கிழமை காலை கழுதை வண்டியோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம்.

"என் தம்பி பொண்டாட்டி கடை போட்டுட்டாளாமே?"

விறுவிறுவென்று உள்ளே வந்து ரொட்டிகளை அள்ளிக் கையிடுக்கில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மாவுப் பலகை மேல் விட்டெறிந்தான்.

"இந்தா. ரொட்டிக்காரிக்குக் காசு தராமப் போனா பாவம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சொந்தக்காரன் ஒருவன் இதைவிடக் கேவலமாக ஒரு பெண்ணைத் திட்ட முடியாது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள், மாலைக்குள் சாமான் வண்டியில் ஏறிவிடும் என்றுதான் அவன் நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வஹீபா நோட்டை எடுத்து அதில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டாள். கடைக்காரர்கள் அன்றைய முதல் காசை முத்தமிடுவார்களே, அப்படியே உதட்டில் வைத்து, நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"முதல் போணி உங்க கையால அண்ணே. அல்லாஹ் பரக்கத் பண்ணட்டும்" என்றாள். பிறகு, "மீதி தர சில்லறை இல்ல. இன்னும் மூணு எடுத்துக்கிட்டா சரியாயிடும்."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எடுத்தால் காசு கொடுத்து வாங்கினவன், எடுக்காமல் போனாலும் வாங்கினவன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது: புருஷனின் கூடப்பிறந்த அண்ணனே காசு கொடுத்தபின் எங்களுக்கென்ன வெட்கம்? முக்காட்டு முனை முடிச்சை அவிழ்த்துக் காசை மாவுப் பலகையில் வைத்தேன்.

"எனக்கும் அதே விலைதானே? அவருக்கு மட்டும் குறைச்சுப் போட்டே, அப்புறம் தெரியும்."

எனக்குப் பின்னால் நின்றவளும் வைத்தாள். அதற்கடுத்தவள், "நான் எடுத்து வரலை, வீட்டுக்கு ஓடிட்டு வரேன்" என்றாள்.

ஹஸ்ஸான் வாசலுக்குப் போய் நின்று, "வண்டியைக் கொண்டு வந்திருக்கேன், வர்றியா இல்லையா?" என்று கத்தினான். இன்னமும் கேட்கிறான் பாருங்கள்.

"மில்லுக்குப் போறதுன்னா சொல்லுங்க அண்ணே, ரெண்டு மூட்டை மாவு வரணும். வாடகை கொடுத்துடறேன்."

வண்டி காலியாகவே போயிற்று. அதன் சத்தம் தேய்ந்த பிறகுதான் வஹீபா தரையில் உட்கார்ந்தாள். பத்ரியைப் புதைத்த அன்றுகூட எங்கள் முன்னால் அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைக்காமலே எழுந்து மாவுப் பலகைப் பக்கம் வந்தாள்.

"அடுத்தது யாரு?" என்றாள்.