மாமன் போத்தல்

என் சின்ன மகளுக்கு மாப்பிள்ளை கூடி வந்ததும் கோத்தகிரியிலிருக்கும் என் தம்பிக்குப் போனில் சொன்னோம். "மூத்தவ கல்யாணத்துல மாமன் போத்தல் எனக்கா வந்துச்சு? அப்ப நடக்கலியா? இதையும் அப்படியே நடத்திக்குங்க" என்று வைத்துவிட்டான்.

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்ணுக்குப் பரிசம் போடுவதற்கு முன்னால் தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சாராயப் போத்தல் வைப்பார்கள். அவன் கைநீட்டி வாங்கினால்தான் சம்மதம். கல்யாணத்தன்று பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருவதும் அவன்தான். தம்பி சின்ன வயதிலேயே, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய அந்த ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியா போனவன். மூத்தவள் கல்யாணத்தின்போது நாட்டில் சண்டை. அவனால் வர முடியவில்லை. சபையில் என் வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் மாமன் இடத்தில் உட்கார்ந்து போத்தலை வாங்கிக்கொண்டார். அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய் அவன் மனதில் உட்கார்ந்துவிட்டது.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. போத்தல் கொண்டுபோக ஆம்பளை இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன். உயிரோடு தம்பி இருக்க, ஊரான் வந்து என் மகள் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. சின்னவளையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தேன்.

தம்பி பெண்சாதி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "அண்ணி, வாங்க, வேணாங்கல. சாராயம் மட்டும் கொண்டு வந்தீங்க, ரெண்டு பேருக்கும் வெளியிலதான் பாய் போடுவேன். டாக்டர் இவர அதத் தொடவே கூடாதுன்னுட்டார்."

சின்னவள் எல்ல என்கிற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். "வைன் கொண்டு போவோம்மா. வெள்ளைக்காரங்க சோத்தோட ஊத்திக்கிறாங்க. ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். எங்கள் நாட்டில் போத்தல் கடையில் பெண்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அவள் வேலை செய்யும் இடத்துச் சமையல்காரர்தான் பதுளைக்குப் போய் வாங்கி வந்தார். கருஞ்சிவப்பாக, கழுத்து நீண்டு, பார்க்க மரியாதையான போத்தல்தான்.

அதைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் அவள் செருப்பு, இன்னொரு பக்கம் உள்பாவாடை. சபையில் வைக்கிற பொருளுக்கு இதுவா இடம்? எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கொழும்பு வரைக்கும் பை என் மடியை விட்டு இறங்கவில்லை.

ஏர்போர்ட்டில் பெரிய பெட்டியை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் என் பையை மெஷினுக்குள் விட்டார்கள். வெளியே வந்ததும் யூனிபோர்ம் போட்ட ஒரு பெண் அதைத் திறந்து, மஞ்சள் துணியை அவிழ்த்து, போத்தலைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணி சாமான் கையில் கொண்டுபோக முடியாது, அந்தக் கூடையில் போடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். கூடையைப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலும் ஷாம்பூவும் கிடந்தன.

"அம்மா! நான் பெட்டியிலதானே வச்சேன்?" என்றாள் சின்னவள்.

"செருப்புக்குப் பக்கத்துல மாமன் போத்தல வப்பியா?"

"இப்ப குப்பையில போடப் போறாங்களே, அது நல்லா இருக்கா?"

நான் அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: இது குடிக்கிறதுக்கில்லை, என் தம்பியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறதுக்கு. கூடையில் போடுவதென்றால் நானும் போகவில்லை. அவள் என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரம் இருக்கிறது, திரும்பிப் போய் இந்தப் பையையும் பெட்டி போன வழியிலேயே அனுப்புங்கள் என்றாள்.

திரும்பிப் போனோம். சின்னவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போத்தலைச் சுற்றினாள். பை பட்டியில் ஏறி ரப்பர் திரைக்குப் பின்னால் போனது. அப்புறம் பிளேனில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நானும் கூப்பிடவில்லை.

திருச்சியில் பை தலைகீழாகத்தான் வந்தது. கையால் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. வாசலில் நின்ற அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார்.

"என்ன பாட்டி, இந்த வயசுல சரக்கா?"

"எனக்கில்லைய்யா, என் தம்பிக்கு."

"அவருக்கு என்ன வயசு?"

"அவனும் கிழவன்தான்."

சிரித்துக்கொண்டே, இவ்வளவு கொண்டுபோகலாம், போங்கள் என்றார்.

கோத்தகிரியில் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபக்காரன் எதற்கு நல்ல சட்டை போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் வாங்கிய வெற்றிலையையும் பாக்கையும் தட்டில் வைத்து, போத்தலை நடுவில் நிறுத்தினேன். சின்னவள் மாமன் காலில் விழுந்தாள்.

அவன் தட்டைத் தொடவில்லை. "பெருசா இருக்கு. என்னா இது?"

"வைன் மாமா."

"மருந்தா?"

"வாங்குறதுன்னா வாங்கு. இல்லேன்னா சொல்லு, எடுத்துக்கிட்டுப் போறோம்" என்றேன். அவனிடம் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

"அக்கா இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வாங்கிவிட்டான். ஆனால் வாங்குவது வேறு, கல்யாணத்துக்கு வருவது வேறு. அதை அவன் சொல்லவில்லை.

திறக்கப் போனால் மூடி திருகவில்லை. மேலே இருந்த தாளைக் கிழித்தால் உள்ளே தக்கை. அதைப் பிடுங்குகிற சாமான் அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்த வரிசை வீடுகளிலேயே இல்லை. கத்தியால் குத்திப் பார்த்தான், தூள்தான் வந்தது. கடைசியில் அகப்பைக் காம்பை வைத்து உள்ளே அமுக்கினான். தக்கை சட்டென்று இறங்க, வைன் பொங்கி அவன் நெஞ்சிலெல்லாம் அடித்தது.

"ஐயய்யோ, இருக்கிறதே ஒரு நல்ல சட்டை!" என்றாள் பெண்சாதி.

மிச்சத்தை டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. "புளிச்சுப் போச்சேக்கா."

"அது அப்படித்தான் மாமா இருக்கும்" என்றாள் சின்னவள்.

இன்னொரு வாய் குடித்துவிட்டுச் சட்டையைக் குனிந்து பார்த்தான். "கறை போகுமா? இதப் போட்டுக்கிட்டுப் போயி எப்படிப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிக்கிறது?"

"அப்ப போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் பெண்சாதி.

சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, சோப்புப் போடு என்றான்.