இருபது வயதுத் தாத்தா

மகள் எலியானா பொலோன்யாவிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது, ஜெலிந்தோ ஃபவோரோ மர அறுவை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. அடுப்பில் பொலெந்தாவை, அதாவது சோளமாவுக் களியை, கிண்டிக்கொண்டே காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கியிருந்தார்.

"அப்பா, நீனா பேச ஆரம்பிச்சுட்டா. அவங்க அப்பாவோட அப்பாவைப் பார்த்து நொன்னோங்கிறா. உங்களையும் அப்படியே கூப்பிடச் சொல்லித் தரட்டுமா?"

"வேண்டாம். நோனோன்னு சொல்லட்டும்."

"அது நம்ம மலைப்பேச்சுப்பா. இங்க நோனோன்னா ஒன்பதாவதுன்னு அர்த்தம். குழந்தைக் காப்பகத்துல மத்த பிள்ளைங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அத்தோடு பேச்சை முடித்துவிட்டார். இத்தாலி முழுக்கத் தாத்தா என்றால் நொன்னோதான். லமோன் மலைப்பக்கத்தில் மட்டும் நடுவிலிருக்கும் அழுத்தத்தை விழுங்கிவிட்டு நோனோ என்று இழுப்பார்கள். ஜெலிந்தோவின் தாத்தா பெப்பியும் நோனோதான். பொலெந்தாவைப் பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்து, வீட்டிலேயே சின்னவன் யாரோ அவனுக்குத்தான் முதல் துண்டைத் தள்ளுவார். கடைசித் துண்டு அவருக்கு. சில நாள் அது ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

ஜெலிந்தோவின் பிடிவாதத்தை அவர் மனைவி நிவெஸ் ஊர்ப்பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஏதோ இடித்தது. ஒருமுறை இருவரும் பக்கத்து நகரமான ஃபெல்த்ரே போகும்போது, பேருந்தில் ஒரு பையன் எழுந்து, "உக்காருங்க நொன்னோ" என்று இடம் கொடுத்தான். நல்ல பையன். ஜெலிந்தோ முகம் சுருங்கி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதி வழியை நடந்தே போனார். "கிழவன்னு சொன்னதுக்கா இவ்வளவு கோபம்? கண்ணாடியில மூஞ்சியைப் பார்க்கிறதே இல்லையா நீங்க?" என்று நிவெஸ் கேலி செய்தாள்.

நீனாவுக்கு எண்ணத் தெரிந்ததும் அவளே ஒரு கேள்வியோடு வந்தாள்.

"நீங்க ஒன்பதாவது தாத்தான்னா மத்த எட்டுப் பேரும் எங்க?"

"மாடு மேய்க்க மலைக்கு மேல போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"பனி விழுந்தா வருவாங்க."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சன்னலோரம் எட்டுப் பேருக்காகக் காத்திருந்தாள்.

அவர் வீட்டில் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. அது அவருடைய கட்டாயப் படைச்சேவைக் காலத்துக் கதை.

எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரையும் போல ஜெலிந்தோவுக்கும் அழைப்பு வந்தது. எல்லையோரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு படைமுகாம். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பையன்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். முகாமுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்த அதிகாரியும் எழுதாத சட்டம். சேவை முடியக் கடைசிச் சில மாதம் பாக்கி இருக்கிறவன் நொன்னோ. இருபது வயது, மீசை சரியாக முளைக்காதவன், ஆனால் தாத்தா. புதிதாக வந்தவன் அவனுக்குப் படுக்கை விரிக்க வேண்டும், காலணிக்கு மெருகேற்ற வேண்டும், சாப்பாட்டு வரிசையில் அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நொன்னோ சொல்லை மறுத்தால் அறையே சேர்ந்து மேலே விழும்.

ஜெலிந்தோ வந்த முதல் வாரமே அவனை இரும்பு அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினார்கள். கதவின் மேல்பக்கம் காற்றுக்காக மூன்று கீற்று. ஒருவன் அதன் வழியே ஒரு காசு போட்டான். காசு விழுந்தால் உள்ளே இருப்பவன் பாட வேண்டும், பாட்டுப்பெட்டி மாதிரி. பாட்டு பிடிக்கவில்லை என்றால் அலமாரியை உதைப்பார்கள், வேறு பாட வேண்டும். அவன் பாடினான். குரல் உடைந்து, மூச்சு முட்டி, தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கோயிலில் பாடுகிறதையும் பாடினான். வெளியே எடுத்தபோது சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. ஒரு நொன்னோ அவன் கன்னத்தைத் தட்டி, "நல்ல பேரன்" என்றான்.

அந்தச் சொல்தான் அவனைச் சுட்டது. அடியோ உதையோ அல்ல. வீட்டில் பெப்பி நோனோ அவன் தலையில் கைவைத்துச் சொல்கிற சொல் அது.

மாதங்கள் போயின. மூத்தவர்கள் வீடு திரும்பினார்கள். ஜெலிந்தோவும் அவனோடு வந்தவர்களும் நொன்னோ ஆனார்கள். ஒரு பிற்பகல், கட்டில்மேல் ஏறி நின்று, ரோமாபுரியின் புறநகர்க்காரன் ரூஜேரோ அதை அறிவித்தான். அவன்தான் அந்த அறைக்கு இனிப் பெரிய தலை.

"இத்தனை நாள் நாம தின்னதை இனி அவங்க தின்னட்டும். நியாயம்னா நியாயம்தான். என்ன ஜெலிந்தோ?"

ஜெலிந்தோ குனிந்து தன் காலணிக்குத் தானே மெருகேற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் சர்தேன்யா தீவிலிருந்து வந்த எஃபீசியோ என்ற ஆட்டிடையன் ஒருவன். குட்டையான உருவம். அவனுக்கு இத்தாலிய மொழியே அரைகுறை, தீவின் பேச்சுதான் வரும். முதல் நாளே ரூஜேரோ அவனை அழைத்தான்.

"நான் யாருடா?"

எஃபீசியோ விழித்தான்.

"நொன்னோன்னு சொல்லு."

"என்னோட தாத்தா ஊர்ல இருக்காரு" என்றான் எஃபீசியோ. "நாங்க மன்னோய்னு சொல்லுவோம். நீங்க அவர் இல்லையே."

அவன் குறும்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. அறை வெடித்துச் சிரித்தது. ரூஜேரோ மட்டும் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறக்கச் சொன்னான்.

எஃபீசியோவை உள்ளே திணித்துப் பூட்டினார்கள். காசு போட்டார்கள். சத்தமே இல்லை. இன்னொரு காசு. சத்தம் இல்லை. உதைத்தார்கள். அலமாரி ஆடியது, உள்ளிருந்து மூச்சு வாங்கும் ஒலி மட்டும் வந்தது. பாடத் தெரியாதோ, பயமோ, வைராக்கியமோ, எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெலிந்தோ கட்டிலை விட்டு எழுந்தான். நேராகப் போய்க் கொண்டியைத் தூக்கினான். எஃபீசியோவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துத் தன் கட்டிலில் உட்கார வைத்தான்.

"என்னடா பண்ற?" என்றான் ரூஜேரோ.

"நான் நொன்னோதானே?"

"ஆமா."

"நொன்னோ சொல்றதை யாரும் தட்டக் கூடாதுல்ல?"

"அது புதுசா வந்தவங்களுக்கு."

"நொன்னோ செய்றதை யாரும் தடுக்கவும் கூடாது. நீதானே சட்டம் பேசுன."

சொல்லிவிட்டு, தானே அலமாரிக்குள் ஏறினான். தோள் அகலமானவன், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டான். கீற்று வழியே குரல் வந்தது.

"காசு போடு ரூஜேரோ. நொன்னோ நான் பாடப்போறேன்."

யாரும் அசையவில்லை. ஒரு நொன்னோவைப் பாடவைப்பதா? காசு போட்டால் நாளைக்குத் தன்னையும் யாராவது உள்ளே தள்ளுவார்கள். போடாவிட்டால் அலமாரிக்கே மரியாதை இல்லை. ரூஜேரோ காசைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். காத்திருந்து பார்த்துவிட்டு ஜெலிந்தோ காசில்லாமலே பாடத் தொடங்கினான். பெப்பி நோனோ பொலெந்தா கிண்டும்போது பாடுகிற, வரிகள் பாதி மறந்துபோன ஏதோ ஒரு பாட்டு. மெதுவாக, நினைவிருந்தவரை பாடினான். புதியவர்கள் முதல்முறையாக நொன்னோவின் எதிரிலேயே வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாப்பாட்டு வரிசையில் ஜெலிந்தோ எஃபீசியோவைத் தனக்கு முன்னால் நிறுத்தினான். பிறகு இன்னொரு புதியவனை. பிறகு எல்லாப் புதியவர்களையும்.

"எங்க வீட்ல தாத்தா கடைசியாத்தான் தின்பாரு" என்றான், கேட்டவர்களுக்கு. "நான் தாத்தாவாம். அப்ப இப்படித்தான்."

மற்ற நொன்னோக்கள் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நாள் காலை அணிவகுப்பு முடிந்து வந்தபோது, அவன் மெத்தை முற்றத்துப் பனியில் கிடந்தது. தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கேப்டன் அவ்வழியே வந்தார்.

"யாரோட மெத்தை இது?"

"என்னோடது, கேப்டன்."

"யார் தூக்கிப் போட்டது?"

ரூஜேரோ பத்தடி தள்ளி நின்றான். முகம் வெளுத்திருந்தது. முன்பே ஒரு சண்டையில் மாட்டியிருந்தான். இன்னொரு புகார் வந்தால் காவலறைதான், வீட்டுக்குப் போகிற நாளும் தள்ளிப்போகும்.

"நானேதான் போட்டேன்" என்றான் ஜெலிந்தோ. "மூட்டைப்பூச்சி. குளிர்ல சாகும்னு."

கேப்டன் அவனையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் அரசாங்கச் சொத்தைக் கெடுத்ததற்காக ஒரு வாரம் கழிப்பறை கழுவும் தண்டனை கொடுத்தார்.

மறுநாள் ஜெலிந்தோ தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வாளி வைக்கும் சத்தம் கேட்டது. எஃபீசியோவாக இருக்கும் என்று நிமிர்ந்தான். ரூஜேரோ.

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"உன்னை வீட்ல யாரோ எதிர்பார்த்துட்டு இருப்பாங்கல்ல."

ரூஜேரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தை எடுத்தான். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேய்த்தான்.

"பாட்டு படு கேவலம்" என்றான் கடைசியில்.

"காசு போடாதவன் குறை சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு அந்த அறையில் அலமாரியில் துணி மட்டும்தான் இருந்தது. அவர்கள் போன பிறகும், அவர்களுக்குப் பின்னால் நொன்னோ ஆனவர்கள் புதியவர்களை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் தட்டை நீட்டினார்களாம்.

ஜெலிந்தோ ஊருக்கு வந்து, ஆலையில் சேர்ந்து, நிவெஸைக் கட்டிக்கொண்டான். முகாமைப் பற்றிக் கேட்டால் குளிர் என்பான், சாப்பாடு மோசம் என்பான். தான் செய்ததை வெளியே சொன்னால், அலமாரிக்குள் தான் இருந்ததையும் சொல்ல வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிட்டான். ஆனால் நொன்னோ என்ற அழுத்தமான அந்தச் சொல்லைக் காதில் கேட்டால் மட்டும் இரும்பின் வாடை வந்தது.

நீனாவுக்கு ஆறு வயதானபோது, அந்த முகாமில் இருந்தவர்கள் ஃபெல்த்ரேயில் ஒரு விருந்தில் கூடினார்கள். ஜெலிந்தோவுக்குப் போக மனமில்லை. நிவெஸ்தான் புது மேலங்கியை எடுத்து மாட்டி இழுத்துப்போனாள். எலியானாவும் நீனாவோடு வந்திருந்தாள்.

கூடத்தில் சூப் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். வாசல் வழியே குட்டையான ஒரு கிழவர், கையில் துணி சுற்றிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு நுழைந்தார். பின்னால் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மேசை மேசையாகத் தேடி, ஜெலிந்தோவின் எதிரே வந்து நின்றார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது, கண் மட்டும் மாறவில்லை.

எஃபீசியோ குனிந்து தன் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்.

"கை கொடுங்கடா. இவர்தான் என் நொன்னோ."

பிள்ளைகள் குழம்பிப் பார்த்தன. "தாத்தா, இவருக்கும் உங்க வயசுதானே இருக்கும்?" என்றான் பெரியவன்.

"என்னைவிட ஒரு வயசு பெரியவரு. அது போதும்."

பிறகு உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், அலமாரிக் கதையை முழுக்கச் சொன்னார். இப்போது அவருக்கு இத்தாலிய மொழி தண்ணீர் மாதிரி வந்தது. ஜெலிந்தோ இரண்டு முறை, "போதும் விடு" என்றார். எஃபீசியோ விடவில்லை. மெத்தை, மூட்டைப்பூச்சி, சாப்பாட்டு வரிசை, எல்லாம் வந்தன. பக்கத்து மேசைக்காரர்களும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர்களில் சிலர் பிந்தி வந்த வருடத்துக்காரர்கள். "அதை ஆரம்பிச்சது நீங்கதானா? நாங்களும் அப்படித்தான் நின்னோம்" என்றார் ஒருவர்.

நிவெஸ் கணவனைப் பார்த்தபடியே இருந்தாள். "இத்தனை வருஷம் என்கிட்ட குளிர்னு மட்டும்தானே சொன்னீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்தவள் விருந்து முடியும்வரை விடவில்லை. எலியானா அப்பாவின் மேலங்கிக் காலரைச் சரி செய்வதுபோலப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீனாவுக்கு வேறு கவலை.

"அவர் மட்டும் உங்களை நொன்னோன்னு கூப்பிடலாமா? நான் கூப்பிடக் கூடாதா?"

ஜெலிந்தோ பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கூப்பிடு" என்றார்.

"நொன்னோ."

"சொல்லு."

"சும்மா கூப்பிட்டேன்."

அடுத்த கோடையில் ஜெலிந்தோவும் நிவெஸும் கப்பலேறிச் சர்தேன்யா போனார்கள். அவர் அதுவரை கடலைத் தாண்டியதில்லை. வழி முழுக்கத் தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றே போனார். எஃபீசியோவின் ஊரில் நெருப்புக்குழியருகே ஆட்டுக்குட்டியைச் சுட்டு நீளமான மேசை போட்டிருந்தார்கள். மேசையின் தலைப்பக்க நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார்கள். தெருப்பிள்ளைகள் எல்லாம் மன்னோய், மன்னோய் என்று சூழ்ந்துகொண்டன. அவர் உட்காரவில்லை. கறித் தட்டை வாங்கி, பிள்ளைகளிலேயே சின்னது எது என்று கேட்டு, அதனிடம் முதலில் போனார்.