மேலவைக்கு ஒரு ஓட்டு

எங்கள் ஊரில் அப்போது பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஆண்களிலும் யாரும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் இறங்கி, கடலைக்காட்டு வரப்பில் நடந்தால் எங்கள் வீடு. தருமபுரியில் அரசியல் படித்து முடித்து, எண்பத்து மூன்றில் அந்த வரப்பில் திரும்பி வந்தேன். முதல் வாரம் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு என்னிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. களை எடுக்கப் போனால், நான் வந்ததும் பெண்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். கல்லூரித் தோழிகள் கல்யாணமாகிப் போனார்கள். முதலில் கடிதம் போட்டார்கள், பிறகு நின்றுவிட்டது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்திருந்தேன். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போதுதான் நான் அப்பாவிடம் ஓட்டைப் பற்றிச் சொன்னேன்.

அந்த நாளில் தமிழ்நாட்டில் சட்டசபையோடு இன்னொரு சபையும் இருந்தது, சட்ட மேலவை. அதன் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். பட்டம் வாங்கி மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் குடியிருக்க வேண்டும். அரசியல் சட்டம் அப்படித்தான் சொன்னது. கல்லூரியில் பரீட்சைக்காக இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான், நான் படித்ததற்கு இந்த நாடு எனக்குத் தரப்போவது இது ஒன்றுதானோ என்று நினைத்தேன்.

அப்பா கைநாட்டு வைப்பவர். நான் சொன்னதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"மேட்டுக்காட்டுப் பெரியவருக்கு இந்த ஓட்டு இருக்குதா?" எங்கள் ஊரில் அதிக நிலம் வைத்திருந்தவர் அவர்.

"இல்லப்பா. அவரு பட்டம் வாங்கல."

"அவரு மவனுக்கு?"

"இல்ல."

அப்பா சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். மாமாவைக் கூப்பிட்டு, பொண்ணு ஓட்டுப் போட்ட பிறகுதான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

அதில் அவர் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார். மூன்று வருடமும் நான் இந்த வீட்டிலேயே இருந்தால்தான் ஓட்டு என்று நினைத்தார். பட்டம் வாங்கித்தான் மூன்று வருடம் ஆக வேண்டும், போகிற ஊரிலும் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருத்தினேன்.

"ரேசன் கார்டுக்கே இந்த வூட்லதான் இருக்கிறியான்னு ஆளு வந்து பாக்கறான். இதுக்குப் பாக்க மாட்டானா?" என்றார். அதற்குமேல் அவர் காதில் ஏறவில்லை.

மாமா வந்தால் அம்மாவிடம் இதையே பேசுவார்.

"என்னக்கா, உம் பொண்ணு ஓட்டு பழுத்துடுச்சா?"

"அத அவங்கப்பனக் கேளு."

"வைக்கோல்ல மூடி வெச்சிருக்கிறாரு போல உங்க வூட்டுக்காரரு. அழுகிப் போவாம பாத்துக்கச் சொல்லு."

அம்மா சிரிப்பாள். நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தாலும் கர்வம் போகவில்லை. பட்டம் இல்லாதவர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என்னைப் படிக்கவைக்க வெயிலில் நின்ற அப்பாவுக்கு இல்லாத ஓட்டு எனக்கு மட்டும் ஏன் என்று அந்த வயதில் நான் யோசிக்கவே இல்லை.

எண்பத்தாறு கோடையில், மூன்று வருடம் முடியப் போகிற நேரத்தில், பாப்பிரெட்டிப்பட்டி நூலகத்தில் பேப்பர் பார்த்தேன். மேலவையை எடுத்துவிட வேண்டுமென்று சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. அங்கே படிக்க வருகிற ஒரே பெண் நான்தான். சுற்றிலும் ஆண்கள் சினிமாப் பக்கத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் யாரிடமாவது "இதப் பாத்தீங்களா" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தீர்மானத்தோடு முடிவதில்லை, பார்லிமெண்டும் சட்டம் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த இடைவெளியை நம்பி, பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அரூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். பெயர் சேர்க்க வேண்டும் என்றதும் கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அங்க இருந்து இதுக்குன்னு யாரும் வந்ததில்லியே. அதான் எடுக்கப் போறாங்களே, பேப்பர் பாக்கலியா?"

"பாத்தேனுங்க. இன்னும் எடுக்கலீங்களே. பார்லிமெண்ட்ல பாஸ் ஆகணுமுங்க."

பின்னாலிருந்த மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாப்பா? டெல்லிக்கு ஒரு தந்தி குடு. இந்தம்மா ஒருத்தருக்காகக் கொஞ்சம் நிறுத்தி வெக்கச் சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. எனக்கு உட்கார நாற்காலி போட்டு, டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். அடுத்த பட்டியல் எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது, எடுத்தால் வாங்க என்று சொல்லி அனுப்பினார்கள்.

மழைக்காலத்தில் டெல்லியிலும் சட்டம் நிறைவேறியது. அதையும் நூலகத்தில்தான் படித்தேன். ஊரில் யாருக்கும் தெரியாது, யாரும் கவலைப்படவும் போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அப்பா இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பார். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போது இது முழுவதும் மனதில் ஓடியது. ஆனால் அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓட்டு அது. இல்லாத ஒன்றை அவர் சொல்லிக்கொண்டு திரிய நான் விடுவதாக இல்லை.

அவர் கேழ்வரகுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேலவைய எடுத்துட்டாங்க."

"திரும்ப எப்ப வெப்பாங்க?"

"வெக்க மாட்டாங்கப்பா. சட்டமே ஆயிடுச்சு."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஓட்டு இருக்கிறவங்களக் கேட்டாங்களா?"

"இல்ல. அந்தச் சபையவே கேக்கல. கேக்கணும்னு சட்டத்துல இல்லப்பா. சட்டசபையில மூணுல ரெண்டு பங்கு பேரு சொன்னா போதும். அப்புறம் டெல்லி."

"ஒரு வூட்ட இடிக்கணும்னாக்கூட உள்ள இருக்கிறவன ஒரு வார்த்த கேப்பாங்க" என்றார். மடை உடைந்து தண்ணீர் வீணாகப் போவதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

அன்று சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வந்தவர், அம்மாவிடம் சொன்னார். "உந் தம்பிக்குச் சொல்லி அனுப்பு. திருப்பத்தூர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"என்னக் கேக்கலியேப்பா" என்றேன்.

அம்மா களி கிண்டுவதை நிறுத்தினாள். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, புரியாதவர் போல.

"ஓட்டுக்குத்தான நிறுத்தி வெச்சிருந்தோம்?"

"ஆமா."

"அதுதான் போயிடுச்சுன்னு நீதான சொன்ன?"

"ஆமாப்பா. இப்ப நான் வேணாங்கறேன்."

"எதுக்கு?"

இதுவரை அவரிடம் சொல்ல எனக்குச் சட்டம் இருந்தது. வேலை வரும் என்று சொல்லலாம், வருமா என்று எனக்கே தெரியாது. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவரை நான் பார்த்ததுகூட இல்லை. "வேணாம்பா" என்று இன்னொரு முறை சொன்னேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

அப்பா வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "இந்த வாரம் சொல்லி அனுப்பாத" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். இந்த வாரம் மட்டுமா, அதற்கு மேலுமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா களியை உருட்டி என் தட்டில் வைத்தாள். குழம்பை ஊற்றினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அவளும் எழுந்து போன பிறகு, நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.