பொட்டு வைத்த படம்

ஜார்ஜ்டவுனில் சிவநேசனின் அச்சுக்கடையில் தனுஜா பார்ப்பது இறந்தவர்களின் படங்களைச் சரிசெய்யும் வேலை. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவளுக்குத் தெரிந்த ஒரே வேலையும் அதுதான். துக்க வீட்டுக்காரர்கள் ஐசி என்னும் அடையாள அட்டையின் படத்தைக் கொண்டுவருவார்கள். அது மங்கிப்போயிருந்தால் பழைய கல்யாணப் படத்தை. இறந்தவர் பெண் என்றால் தனுஜா தலை நிமிராமல் ஒன்று கேட்பாள்: "வீட்டுக்காரர் இருக்காரா?" இல்லை என்றால், படத்தில் இருக்கும் பொட்டின்மேல் நெற்றியின் நிறத்தையே எடுத்துப் பூசிவிடுவாள். தடமே தெரியாது.

பிறகு கடைக்கு ஏஐ வந்தது. எவ்வளவு மங்கலான படத்தைக் கொடுத்தாலும் பட்டுச்சேலையும் சிரிப்புமாக நொடியில் திருப்பித் தந்தது.

"இது உடம்பு சரியில்லன்னு எம்சியும் போடாது, லீவும் கேக்காது தனு," என்று சிரித்தார் சிவநேசன். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த மாசம் பாப்போம்லா. மெசின் சொதப்புச்சுன்னா நீ இரு. இல்லன்னா, வேலை இருக்கறப்ப கூப்பிடறேன்."

அது சொதப்புவதற்காக அவள் காத்திருந்தாள்.

மாக் மண்டினிலிருந்து லோகேஸ்வரன் தன் அம்மாவின் ஐசி படத்தோடு வந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும். "அப்பா நான் சின்னப்புள்ளையா இருக்கறப்பவே போய்ட்டாருக்கா," என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

திரையில் அம்மா சிரித்தபடி வந்தாள். நெற்றி நடுவே, ஐசி படத்தில் இல்லாத ஒரு சிவப்புப் பொட்டு. சிவநேசன் போனில் பேசிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். தனுஜா ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. காரியத்தன்று சொந்தபந்தம் பார்த்துக் கொதிக்கட்டும், கடைக்கு வந்து கத்தட்டும் என்று நினைத்தபடியே அச்சுக்கு அனுப்பினாள்.

காரியம் முடிந்த மறுநாள் லோகேஸ்வரனின் சின்னம்மா வந்தார். வாசலிலேயே குரல் உயர்ந்தது. "எங்கக்காவுக்குப் பொட்டு வச்சது யாரு?"

சிவநேசனின் முகம் வெளுத்தது. "மெசின்மா... தெரியாம வச்சிருச்சி..."

தனுஜாவுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"மாமா போன அன்னிக்கு அவ பொட்ட நாந்தான் அழிச்சேன். வேணாண்டி, விடுடின்னு கையப் புடிச்சிக்கிட்டா. நான் கேக்கல." சின்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கும் அவ படம் ஒன்னு போட்டுக் குடுங்க. இதே மாதிரி, பொட்டோட."

சிவநேசன் தனுஜாவைத் திரும்பிப் பார்த்தார். இனிமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அவள்தான் அச்செடுத்துக் கொடுத்தாள். சின்னம்மா படத்தோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டார். "நீ செஞ்சதாம்மா? நல்லாருப்ப."

"இல்லம்மா. மெசின்."

கை இன்னும் அவர் பிடியிலேயே இருந்தது. இதே கையால் எத்தனை பேருடைய பொட்டை மறைத்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, தனுஜா பாதியில் நிறுத்தினாள்.

அவர் போனதும் சோற்று டப்பாவையும் குடையையும் பையில் வைத்தாள்.

"கூப்பிடறேன்லா, தனு," என்றார் சிவநேசன், திரையைப் பார்த்தபடி.